மணிகண்டபிரபுவின் காது

தென்காசியில் பெரிய கோபுரத்துக்கு அடுத்தபடியாகப் பார்க்கவேண்டியது மணிகண்டபிரபுவின் காது. இதை வேறு யாரும் சொல்லவில்லை, மணிகண்டபிரபுதான் சொன்னான். சொல்லும்போது முகத்தில் சிரிப்பின் சாயல்கூட இல்லை. கோபுரத்தை ஊரே திரண்டு கட்டியது, இந்தக் காதை ஆண்டவன் தனியாளாக உட்கார்ந்து செய்தான் என்று வித்தியாசத்தையும் விளக்கினான்.

ஸ்டேஷனுக்குப் போகிற வழியில் கார்களுக்கு ஸ்பீக்கர் மாட்டும் கடை வைத்திருந்தான். பெருமைக்கு முகாந்திரம் இல்லாமலும் இல்லை. கதவு ஸ்பீக்கருக்கு எந்த ஆம்ப்ளிஃபையர், டிக்கியில் வைத்தால் திம்மென்று அதிரும் சப்வூஃபருக்கு எந்த ஆம்ப் என்று ஜோடி சேர்ப்பதில் அவனை மிஞ்ச ஆளில்லை. வீரகேரளம்புதூரிலிருந்து ஒருவர் பளபளக்கும் பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு வந்து, "தம்பி, இது ரெண்டாயிரம் வாட்ஸ்" என்றால், பெட்டியைத் திறக்காமலே திருப்பிக் கொடுப்பான்.

"அண்ணாச்சி, அட்டையில போட்டிருக்க வாட்ஸ் கல்யாணப் பத்திரிகையில மாப்பிள்ளை பேருக்குப் பின்னால போடுத பட்டம் மாதிரி. அவரு தினமும் எவ்வளவு வேலை பாப்பாருன்னுல்லா விசாரிக்கணும்? அதுக்குப் பேருதான் ஆர்.எம்.எஸ்."

ஜோடிப் பொருத்தம் முடிந்ததும் சடங்கு தொடங்கும். ஆம்பில் கெயின் என்று ஒரு சின்னத் திருகு உண்டு. பாட்டு ஸ்பீக்கருக்குள் எவ்வளவு முரட்டுத்தனமாக நுழையவேண்டும் என்பதை அதுதான் தீர்மானிக்கும். பிரபு பாட்டைப் போட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வான். ஸ்க்ரூடிரைவரால் மயிரிழை மயிரிழையாகத் திருகுவான். சட்டென்று நிறுத்துவான். "இதான். இதுக்கு மேல ஒரு நூல் போனாலும் ஸ்பீக்கர் அழும்."

நாலு கடை தள்ளி தாணுமாலயன் கடை. அவனுக்கும் இதே தொழில், இதே வயது. ஆனால் பாட்டே போடமாட்டான். ஸ்பீக்கர் ஒயரைக் கழற்றிவிட்டு, ஒரே சுருதியில் 'ஊ' என்று இழுக்கும் டெஸ்ட் டோனை உள்ளே ஓடவிட்டு, ஆம்ப் வாயில் மல்டிமீட்டரை வைத்து எண் பார்ப்பான். பிரபுவுக்கு இதைவிட நல்ல பொழுதுபோக்கு ஊரில் இல்லை. டீ கிளாஸோடு போய் நின்று வேடிக்கை பார்ப்பான்.

"ஏலே தாணு, சாம்பார்ல உப்பு இருக்கான்னு பாக்கவும் மீட்டர்தானா?"

"வீட்ல ஒண்ணு தனியா வாங்கிக் குடுத்திருக்கேன்."

"காது இல்லாதவன்தாம்லே மீட்டர் வைப்பான்."

"மீட்டருக்குச் சளி புடிக்காது, பிரபு," என்றான் தாணுமாலயன், நிமிராமலே.

அந்த வருஷம் சாரல் முந்திக்கொண்டு வந்தது. கூடவே வண்டிகளும் வந்தன, போன வண்டிகளே திரும்பி.

கதவின் மேல்மூலையில் உட்கார்ந்திருக்கும் சின்ன ஸ்பீக்கருக்கு ட்வீட்டர் என்று பெயர். ஜால்ராவும் சலங்கையும் அதில்தான் வரும். முதலில் ஒரு கடையத்துக் காரில் இரண்டு ட்வீட்டரும் செத்திருந்தன. அடுத்து ஒரு பல் டாக்டரின் கார். அப்புறம் குற்றாலத்தில் டூரிஸ்ட் வேன் ஓட்டும் நயினாரின் வண்டி. கழற்றி மூக்கருகே கொண்டுபோனால் கருகல் வாடை.

"சாரல் ஈரம்," என்றான் பிரபு. "ட்வீட்டருக்கு ஜலதோஷம்."

புதுசு மாட்டினான். புதுசும் மந்தமாகவே பட்டது. வருகிற சரக்கே சரியில்லை என்று, கீச்சொலியைக் கூட்டும் ட்ரெபிளை ஏற்றினான். கெயினையும் ஏற்றினான். காதுக்குத் திருப்தி வருகிறவரை ஏற்றினான். அவையும் கருகித் திரும்பின.

வீட்டிலும் ஏதோ சரியில்லை. ஒருநாள் மனைவி ஸ்ரீதேவி, "மூணு விசில் வந்ததும் அடுப்பை அணைச்சிருங்க" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனாள். அவன் முன்னறையில் ஃபோனோடு உட்கார்ந்திருந்தான். பருப்பு கரியாகிவிட்டது.

"ஏன் அணைக்கல?"

"விசில் ஒண்ணுகூட வரல. வெயிட்டு கெட்டுப்போச்சு."

அவள் ஈரத்தலையோடு அவனையே கொஞ்சநேரம் பார்த்தாள். "பாத்ரூமுக்குள்ள எனக்குக் கேட்டுச்சு," என்றாள்.

புது வெயிட் வாங்கிவந்தான். அதுவும் ஊமை. பாத்திரக்கடைக்காரரிடம் போய்ச் சண்டை போட்டான். கண்ணை மூடிப் படுத்தால் காதோரம் விடாமல் ஒரு கொசு ரீங்கரித்தது. கொசுவத்தி கொளுத்தினான், கொசு அசையவில்லை. ஸ்ரீதேவிக்கு அந்தக் கொசு கேட்கவே இல்லை என்பதால், இந்த வீட்டில் காது என்று ஒன்று இருந்தால் அது தன்னுடையதுதான் என்று தேற்றிக்கொண்டான். ஊரில் விற்கிற பொருள்கள் ஒவ்வொன்றாகக் குரலை இழந்துவருவது ஏன் வேறு யாருக்கும் உறைக்கவில்லை என்பதுதான் அவனுக்குப் புரியவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நயினார் ஃபோனில் கத்தினான். "அண்ணாச்சி, மறுபடியும் போச்சு. சவாரிக்கு வாரவுக பாட்டு இல்லாட்டி ஏறவே மாட்டேங்காவ. ஸ்டாண்டை விட்டு நகர முடியாது, நீங்களே வாங்க."

பிரபு புது ட்வீட்டர்களோடு குற்றாலம் போனான். வேன் பேரருவிக்குப் போகும் கடைத்தெரு ஓரத்தில் நின்றது. மாட்டினான். பாட்டைப் போட்டுக் கண்ணை மூடிக் கெயினைத் திருகினான். இன்னும் கொஞ்சம். இன்னும் கொஞ்சம். கண்ணைத் திறந்தபோது நயினார் வேனுக்கு வெளியே இரண்டு காதையும் பொத்திக்கொண்டு நின்றிருந்தான். நேந்திரங்காய் சிப்ஸ் பொரித்துக்கொண்டிருந்தவர் கரண்டியோடு திரும்பிப் பார்த்தார்.

"ஏலே, என்ன ஓடுத?"

"காதுக்குள்ள ஊசிய விட்டுக் கிண்டுத மாதிரி இருக்கு அண்ணாச்சி!"

"பஞ்சுக்குள்ளேந்து பாடுத மாதிரில்லாடே இருக்கு."

நயினார் அவனையே பார்த்தான். ஈரத்தலையோடு ஸ்ரீதேவி பார்த்த அதே பார்வை. பிறகு கையை நீட்டிப் பாட்டை அணைத்தான். "போய் ஒரு குளி போட்டுட்டு வாங்க அண்ணாச்சி. தல சூடாயிருக்கும்."

அருவியில் சீசன் கூட்டம். எண்ணெய் வழியும் முதுகுகளுக்கு இடையில் நுழைந்து, ஓரத்தில் தலையைக் கொடுத்தான். கண் தானாக மூடிக்கொண்டது. தண்ணீருக்கு அடியில் கனமான ஒரு முழக்கம், நெஞ்செலும்பில் வந்து உட்காரும் சுத்தமான பாஸ். பல வாரங்களாக இப்படித் தெளிவாக எதையும் கேட்டதில்லை. இதற்கு ஜோடியாக எந்த ஆம்ப் வரும் என்று யோசித்துக்கொண்டிருந்தபோது பாஸ் ஏறியது. மலைமேல் யாரோ உட்கார்ந்து ஒரு திருகை மெதுவாகத் திருப்புவதுபோல், கொஞ்சம் கொஞ்சமாக ஏறிக்கொண்டே போனது.

கண்ணைத் திறந்தான். பக்கத்தில் முதுகுகள் இல்லை. சீசன் ஞாயிற்றுக்கிழமையில் பேரருவி மொத்தமும் அவனுக்கு. நம்ம ராசி என்று நடுவுக்கு நகர்ந்தான்.

தடுப்புக் கம்பிக்கு அந்தப் பக்கம் மொத்தக் கூட்டமும் நின்று அவனைப் பார்த்துக்கொண்டிருந்தது. எல்லோருடைய வாயும் திறந்திருந்தது. முன்னால் ஒரு போலீஸ்காரர் கன்னம் உப்பி, கழுத்து நரம்பு புடைக்க விசில் ஊதினார். விசிலிலிருந்து ஒன்றும் வரவில்லை.

இதுவும் கெட்டுப்போச்சா என்றுதான் முதலில் நினைத்தான்.

காலில் ஒரு மரக்கிளை மோதியது. குனிந்தான். தண்ணீர் செம்மண் நிறத்தில் முழங்காலைத் தொட்டு ஓடியது. குக்கர், ட்வீட்டர், இந்த விசில், எல்லாமே கீச்சுக் குரல். எல்லாம் சேர்ந்தாற்போல் கெடுவதென்றால் எங்கோ கணக்கு உதைக்கிறது. எங்கே என்று தெரிந்த கணத்தில் அவனால் காலை எடுக்க முடியவில்லை. அருவி மட்டும் மிகத் தெளிவாகக் கேட்டது.

நயினார்தான் கம்பியைத் தாண்டிவந்து தோளைப் பிடித்து இழுத்தான். இருவரும் படியில் விழுந்தார்கள். பின்னால் தண்ணீர் பாதுகாப்பு வளைவைத் தாண்டிக் குதித்தது. அவன் நின்ற இடத்தில் ஆட்டுரல் பருமனில் ஒரு கல் விழுந்து உருண்டுபோயிற்று.

"எவ்வளவு நேரமா ஊதுதேன்!" போலீஸ்காரர் அவன் முகத்துக்கு நேராக வந்து கத்தினார். "காது என்ன செவிடாவே ஒமக்கு?"

சீசனில் அவர் எத்தனையோ பேரைக் கேட்கிற கேள்விதான். யாரும் பதில் சொல்வதில்லை. பிரபு விரலைக் காதுக்குள் விட்டுக் குடைந்தான்.

பொழுது சாய்கிற நேரத்தில் வேன் தென்காசிக்கு வந்தது. வண்டியைக் கடைக்குள் ஏற்றச் சொல்லி, பிரபு ஷட்டரைப் பாதிக்குமேல் இறக்கினான். ட்ரெபிளைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தான். ஆம்பிலிருந்து ஸ்பீக்கர் ஒயர்களைக் கழற்றினான். ஃபோனில் எதையோ தேடி எடுத்து ஓடவிட்டான். பிறகு, பேட்டரி பார்க்க வைத்திருந்த மீட்டரைத் துடைத்து, இரண்டு முனைகளையும் ஆம்ப் வாயில் வைத்தான்.

"அண்ணாச்சி, இது தாணு அண்ணாச்சி செய்யுதது மாதிரில்லா..."

பிரபு திரும்பவில்லை. கேட்டதா இல்லையா என்று நயினாருக்குத் தெரியவில்லை. ஸ்பீக்கர் நூறு வாட்ஸ் ஆர்.எம்.எஸ்., நாலு ஓம். பெருக்கினால் நானூறு, அதன் வர்க்கமூலம் இருபது வோல்ட். உதடு அசையக் கணக்குப் போட்டுவிட்டுத் திருகைத் தொட்டான். இந்தத் தடவை கண்ணை மூடவில்லை. எண் முப்பதிலிருந்து இறங்கி இறங்கி வந்து இருபதில் நின்றது. கையும் நின்றது.

ஷட்டருக்கு அடியில் தெருவில் ஒரு ஜோடிச் செருப்புக் கால்கள் வந்து தயங்கின. பிரபு மீட்டரைத் துண்டால் மூடினான். கால்கள் நகர்ந்தன. துண்டை விலக்கி, முனைகளை அடுத்த ஸ்பீக்கருக்கான சேனலுக்கு மாற்றினான்.