விரிப்பின் மறுமுனை

ஆயிரத்து எண்ணூற்று ஐம்பது ரூபாய். பரீட்சைக் கட்டணத்துக்காக அந்தப் பெண் சலவைக்கூட முதலாளியிடம் வாங்கிய முன்பணம் அது. வாரச் சம்பளத்தில் நூறு நூறாகப் பிடித்தார்கள். பிடித்தது போகக் கையில் வருவது பஸ்ஸுக்கும் கரண்டு பில்லுக்கும் சரியாக இருந்தது.

பள்ளிக்கூடம் விட்டதும் ஓடி வருவாள். சீருடைக்கு மேலே நீல அங்கியை மாட்டிக்கொண்டு நெட்டையக்காவுக்கு எதிரே போய் நிற்பாள். விடுதிகளிலிருந்தும் ஆஸ்பத்திரிகளிலிருந்தும் வரும் படுக்கை விரிப்புகளை மடிப்பது அவர்கள் வேலை. ஒரு விரிப்புக்கு இரண்டு பேர். உலர்த்தும் மெஷினிலிருந்து சுடச்சுட எடுத்து, ஆளுக்கு இரண்டு மூலை பிடித்து, விறைப்பாக இழுத்து ஒரு உதறு உதற வேண்டும். பிறகு எதிரெதிரே நடந்து வந்து மூலையோடு மூலை சேர்க்க வேண்டும். நெட்டையக்கா நிமிர்ந்து நின்றால் விரிப்பு பெண்ணின் பக்கம் சரிந்துவிடும். அதனால் முழங்காலை மடக்கித்தான் நிற்பாள். "உன்னால நான் ஒரு சாண் குறைஞ்சுட்டேன்டி" என்பாள்.

அங்கே பெண்ணுக்குப் 'பரீட்சை' என்றே பெயர். விலகிப் போகும்போது ஒரு வரி, நெருங்கி வரும்போது அடுத்த வரி என்று பாடத்தை ஒப்பித்துக்கொண்டே மடிப்பாள். சரியாக்கா என்று கேட்டால், தடுமாறாமல் சொன்னால் சரி என்று வைத்துக்கொள்வேன், எனக்கு வேறென்ன தெரியும் என்பாள் நெட்டையக்கா. கேட்டுக் கேட்டு மற்ற மடிப்பு மேசைகளில் நின்ற எல்லாருக்கும் இதயத்தில் எத்தனை அறை என்பது பாடமாகிவிட்டது. "அதுக்கு நாலு அறையாம். என் வீட்டுக்கு ஒண்ணுதான்" என்றாள் பக்கத்து மேசைக்காரி.

தேர்வு அட்டவணை வந்தது. எல்லாம் பிற்பகலில். எழுதி முடித்துவிட்டு வேலைக்கு வந்து சேர முடியாது. சூப்பர்வைசரிடம் போய் லீவு கேட்டாள். லீவு எடுத்துக்கொள்ளலாம், ஆனால் மடித்ததை அடுக்கும் வண்டி நிறையவில்லை என்றால் வேறு ஆள் போட்டுவிடுவேன் என்றார். கோபமாகச் சொல்லவில்லை. மழை வரும்போலிருக்கிறது என்பதைப்போலச் சொன்னார்.

அன்று ஒப்பிக்காமல் மடித்தாள்.

"என்னடி, இன்னிக்கு இதயம் நின்னுபோச்சா?" என்று கேட்டாள் நெட்டையக்கா.

பெண் விஷயத்தைச் சொன்னாள். வேலை போனால் மிச்சக் கடனை எதிலிருந்து கட்டுவது, பரீட்சையை விட்டால் கட்டிய பணம் எதற்கு என்று சொல்லும்போதே குரல் இறங்கிவிட்டது. நெட்டையக்கா விரிப்பின் மூலையைக் கையில் வைத்துக்கொண்டு எதிரே இருந்த மரத்தூணையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் பெண் வந்தபோது, அவள் நிற்கும் இடத்துக்குப் பின்னாலிருந்த தூணில் குறுக்காக ஒரு பலகையும், பலகையின் இரு முனையிலும் திரைச்சீலை மாட்டும் கிளிப்பும் இருந்தன. பெண்ணின் தோள் உயரத்துக்கே நெட்டையக்கா அடித்திருந்தாள். நெட்டையக்காவின் கைக்கு அந்த உயரம்தான் பழக்கம். இரண்டு மூலையைக் கிளிப்பில் மாட்டினாள், பின்னால் நடந்தாள், இழுத்தாள், உதறினாள். முதல் விரிப்பு தரையில் புரண்டது. அடுத்தது நின்றது.

"பாரு, இதான் உன் இடத்து ஆளு. பேசாது, ஒப்பிக்காது, பஸ்ஸ விட்டுட்டேன்னு லேட்டா வராது."

அந்த மேசைக்கு வரும் தலையணை உறைகளைப் பக்கத்து மேசைக்காரிகள் தங்களுக்குள் பிரித்துக்கொண்டார்கள். தேர்வு முடிகிறவரை ஒவ்வொரு மேசையும் கொஞ்சம் கூடுதலாக ஓடியது. வண்டி தினமும் நிறைந்தது. சூப்பர்வைசர் ஒன்றும் கேட்கவில்லை.

கடைசிப் பரீட்சை முடிந்ததும் பெண் ஒரு பிஸ்கட் பெட்டி வாங்கிக்கொண்டு நேராகச் சலவைக்கூடத்துக்கு வந்தாள். மேசை மேசையாகக் கொடுத்தாள். நெட்டையக்காவின் கை விரிப்பில் இருந்ததால் அவள் வாயிலேயே ஒன்றை வைத்தாள்.

"இதயம் வந்துச்சுக்கா."

"நாலு அறையும் எழுதினியா?"

"எழுதினேன்."

"ஒண்ண எனக்கு வாடகைக்குக் கேட்டிருக்கலாம்" என்றாள் நெட்டையக்கா, மென்றுகொண்டே.

"நீங்க இல்லைன்னா நான் எழுதியே இருக்க மாட்டேன்க்கா. உங்களுக்கு எப்படி நன்றி…"

"போதும்டி. விரிப்பு ஆறுது."

ஆனால் அவள் முகம் மலர்ந்திருந்தது. முதலாளி காலையில் வந்ததாகவும், நெடுநேரம் நின்று பார்த்ததாகவும், யாருடைய யோசனை என்று கேட்டு முதுகில் தட்டாத குறையாகப் பாராட்டியதாகவும் சொன்னாள். இத்தனை வருஷத்தில் அவர் தன்னிடம் பேசியது இதுதான் முதல் தடவை. பெண் வந்தால் அறைக்கு அனுப்பச் சொல்லியிருந்தார்.

முதலாளி அவளை உட்காரச் சொன்னார். எப்படி எழுதினாய், மேலே என்ன படிக்கப் போகிறாய் என்று கேட்டார். தனக்கும் ஒரு மகள் இருப்பதாகச் சொன்னார். பிறகு கணக்குப் புத்தகத்தைத் திருப்பி, அவள் பெயர் இருந்த வரியை ஸ்கேல் வைத்து அடித்தார்.

"பாக்கி ஆயிரத்து இருநூற்று ஐம்பது. விட்டுட்டேன். படிக்கிற பொண்ணு கடனோட நிக்கக் கூடாது."

பெண் எழுந்து நின்றாள். "ரொம்ப நன்றி சார்" என்றாள்.

"நாளைலேர்ந்து படிப்ப மட்டும் பாரு. இங்க வர வேண்டாம். அந்த மேசைக்கு ஒரு ஆளே போதும்போல இருக்கு."

"நன்றி சார்" என்று இன்னொரு தடவையும் சொன்னாள்.

வெளியே வந்தபோது ஒரு தச்சர் சுவரோரம் புதுப் பலகைகளை இறக்கிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு மேசைக்கும் எதிரே ஒன்று. ஜோடி ஜோடியாக நின்ற பெண்கள் மடிப்பதை நிறுத்திவிட்டு, பலகையையும் எதிரே நின்றவளையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

"என்னடி சொன்னாரு?" என்றாள் நெட்டையக்கா.

"கடன விட்டுட்டாருக்கா."

"அப்புறம்?"

பெண் ஆணியில் தொங்கிய தன் நீல அங்கியை எடுத்து, அதன் கைகளை உள்ளே விட்டு நான்காக மடித்து மேசைமேல் வைத்தாள். நெட்டையக்கா கையிலிருந்த விரிப்பு கீழே இறங்கியது.

தச்சர் தூணிலிருந்த பழைய பலகையைத் தொட்டுப் பார்த்தார். "இது யாரு உயரத்துக்கு அடிச்சது? எல்லாத்தையும் இதே உயரத்துக்கு அடிக்கச் சொன்னாங்க."

என் உயரத்துக்குத்தான் என்றாள் பெண்.

"அப்ப இப்படி வந்து நில்லும்மா. விரிப்பப் பிடிக்கிற மாதிரி கைய நீட்டு."

அவள் புத்தகப் பையைத் தோளிலிருந்து இறக்கிவைத்துவிட்டு, முதல் மேசைக்கு எதிரே சுவரில் முதுகு ஒட்ட நின்று வெறுங்கைகளை நீட்டினாள். தச்சர் குனிந்து, அவள் இரண்டு கைக்கும் நேராகச் சுவரில் பென்சிலால் ஒவ்வொரு கோடு போட்டார்.