வாராதே என்னும் ஒரு சொல்

ஊருக்குப் பெயர் தந்த தலையணைக் குன்றின்மேல் மாலை வெயில் மஞ்சள் பூசி நிற்க, சிறுமலைச் சாரலினின்று இறங்கிய குளிர்காற்று நாகல் நகர்க் கடைத்தெருவின் பூக்கூடைகளைத் தடவி மணம் கவர்ந்து தெருத்தெருவாய் உலவ, விடிந்தால் கிறித்தவக் கோவிலில் திருவிழா என்னும் களிப்பில் திண்டுக்கல் நகர் திளைத்திருந்த வேளை அது. அறிவுசால் நண்பீர், அக்களிப்பில் பங்கு கொள்ளாத நெஞ்சம் ஒன்று கோவிலை அடுத்த கூடத்தில் பதைத்துக்கொண்டிருந்தது. மகளிர் பாடற்குழுவை நடத்தும் அறிவுச்செல்வியின் நெஞ்சம் அது.

ஆண்டுதோறும் விழாப் பூசையில் ஆடவரும் மகளிரும் கலந்தே பாடுவர். ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றெட்டாம் ஆண்டாகிய அவ்வாண்டில்தான் மகளிர் தனித்துப் பாட முதன்முதலாக இசைவு கிட்டியது. கலப்புக் குழுவின் தலைவர் பிராங்க்ளின் அரைமனத்தோடு தலையசைத்து, "இந்த ஒரு தடவ பாடுங்க தங்கச்சி. கொழப்பிட்டீங்கன்னா இனி கேட்டு வரப்படாது" என்று கூறிவிட்டார்.

பாடல் தேர்வதே பெரும்பாடாயிற்று. ஒன்று மகளிர் குரல் எட்டாத ஆழத்திற்கு இறங்கிற்று. மற்றொன்று ஆடவர் குரல் தாங்காவிடில் கால் ஒடிந்த கட்டில்போல் ஆடிற்று. ஈற்றில், ஊரார் யாவரும் அறிந்த பழம்பாடல் ஒன்றைத் தேர்ந்து, ஆடவர் பகுதியை நீக்கிப் பயிற்றினாள் அறிவுச்செல்வி. 'இறைவா' என மகளிர் விளிக்க, 'துன்பம்' என ஆடவர் தாழ்ந்தொலிக்க, 'வாராதே' என மகளிர் நீட்டி நிறுத்த, 'எம்மைக் காத்தருள்வாய்' என யாவரும் சேர்ந்து முடிப்பது அதன் அமைப்பு.

அம்மாலை நீர் பருக முற்றத்திற்கு வந்தவளின் செவியில் உள்ளிருந்து எழுந்த பாட்டு விழுந்தது. ஐயகோ! 'இறைவா... வாராதே!' ஆடவரோடு துன்பத்தையும் வெளியே அனுப்பியாயிற்று. எஞ்சியதோ இறைவனை வாயிலிலேயே தடுக்கும் ஆணை! பழகிய செவி, இல்லாத சொல்லைத் தானே இட்டு நிரப்பிக்கொண்டமையால் அதுவரை ஒருவர்க்கும் அது தோன்றவில்லை.

விரைந்து உள்ளே வந்து அவள் உரைக்க, குழுவில் மூத்தவளான சாணார்பட்டிப் பூந்தோட்டத்துச் செபாஸ்தியம்மாள் சிரிப்பை அடக்கமாட்டாமல், "அடி ஆத்தீ! திருநாளும் அதுவுமா சாமிய வராதேன்னா பாடியிருக்கோம்! அந்த ஒத்தச் சொல்லுக்கு மட்டும் ஆம்பளையாளுகளக் கூப்பிடுவமா?" என்றாள்.

"கூப்பிட்டா நாம தனியாப் பாடுனதா ஆகுமா பெரியம்மா? வேற பாட்டுப் பழகவும் நேரமில்ல. 'வாராதே'ய 'வாராயோ'ன்னு மாத்திருவோம். வாய் மட்டும் பழைய தடத்துல போயிரக் கூடாது."

அவ்வச்சமே அவளைத் தின்றது. பிறந்தது முதல் பாடிய சொல்லை ஒரு மாலையில் மறக்குமோ நாக்கு? சோறு இறங்கவில்லை. எதிர்ப்பட்ட பெண்டிரை எல்லாம் நிறுத்தி, "வாராயோ, வாராயோ" என்று கெஞ்சினாள்.

விடிந்தது; கோவில் நிறைந்தது. 'இறைவா' என்றெழுந்த குரல்கள் 'வாரா...' என நீண்டு நின்றன. இரு சொல்லுக்கும் அதுகாறும் வழி ஒன்றே. ஈற்றெழுத்திலன்றோ வரவேற்பும் விரட்டும் பிரிகின்றன! எவள் தவறுவாளோ என ஒவ்வொரு வாயாகக் கூர்ந்து நோக்கிக்கொண்டே பாடினாள் அறிவுச்செல்வி. 'யோ' என்று ஒருமித்து முடித்தது குழு. 'தே' என்று முடித்தாள் அவள்.

பிராங்க்ளினை நோக்கினாள், அவரோ கண்மூடித் தாளத்திற்குத் தலையசைத்தவாறு இருந்தார். அருகில் நின்ற செபாஸ்தியம்மாளுக்கு மட்டும் அது கேட்டுவிட்டது. கருவியிசை மட்டும் ஒலித்த சிறு இடைவெளியில் அவள் குனிந்து, "பதறாத ஆத்தா. நீ ஒருத்தி வராதேன்னா சாமி திரும்பிப் போயிருவாரா? நாங்க அம்புட்டுப் பேரும் வான்னு கூப்பிட்டோம்ல" என்றாள்.

அறிவுச்செல்வியின் விழிகள் நிறைந்தன. அடுத்த அடிக்கு வாய் திறந்தாள். ஒருத்தியின் நா இடறுமிடத்து உடன்நிற்போர் நா தாங்குவதற்காகவன்றோ, நண்பீர், மாந்தர் சேர்ந்து பாடக் கற்றனர்.