அண்ணனைத் தேடிய எழுத்து

பெய்த மழை ஓய்ந்து, கூரை விளிம்புகளில் எஞ்சிய துளிகள் ஒவ்வொன்றாய் உதிர, கடைக்கதவுகள் கிறீச்சிட்டுத் திறக்க, பேருந்துகள் தேங்கிய நீரைப் பிளந்து விரைய, கதிரவன் முகிலை விலக்கி எட்டிப்பார்த்த அக்காலைப் பொழுதில், நயமறிந்து படிப்பவரே, தான் பணிபுரியும் அச்சகத்தின் வாயிலில் ஒரு பெண் கண்ணைத் துடைத்தபடி நின்றிருந்தாள். பணி ஓய்வு பெறுவோர்க்கெல்லாம் பாராட்டிதழ் எழுதித் தந்து, ‘பொன்னெழுத்து’ என்று பெயரெடுத்தவள் அவள். அவளோடு வாழ்ந்த அண்ணன், நினைவு மங்கிய தையற்காரர், முந்தைய நாள் வெளியே போனவர் திரும்பவில்லை.

தன்னை நிழற்படமெடுக்க ஒருநாளும் இசையாதவர் அவர். ஆகவே சுவர்தோறும் அவள் எழுத்தையே அச்சகத்தார் ஒட்டியிருந்தார்கள்: ‘மதியொளிர் முகமும், வேழநிகர் நடையும், அருள்பொழி விழியும் வாய்ந்த பெருந்தகையைக் காணவில்லை. கண்டோர் அச்சகத்துக்கு அழைத்து வருக.’ எழுதி முடித்ததும், அத்தனை துயரத்திலும், அந்த அடுக்குமொழியை மீண்டும் ஒருமுறை படித்து அவள் சற்றே மகிழ்ந்ததை மறைப்பானேன்!

அறிவிப்பு வீண்போகவில்லை, வந்த ஆள்தான் வேறு. நடைப்பயிற்சிக்குப் புறப்பட்ட வங்கி மேலாளர் ஒருவரை, ஓய்வு பெற்றவரை, இளைஞர் இருவர் கைத்தாங்கலாகக் கொண்டுவந்தனர்.

“விடுங்கப்பா! நான் ஒண்ணும் காணாமப் போகல!” என்று திமிறியவர், சுவரில் இருந்ததைப் படித்ததும் குரல் தணிந்தார். “இவங்க மேலயும் தப்பில்லம்மா. அப்படியே என்னைப் பத்திதான் எழுதியிருக்கு. எனக்குக் கொடுத்த பாராட்டிதழும் இதே மாதிரிதான் இருந்துச்சு.”

“அதையும் நான்தாங்க எழுதினேன்,” என்றாள் அவள்.

சிரிப்பு வரவேண்டிய இடத்தில் அவள் சுவரிலிருந்த அறிவிப்பைக் கிழித்தெடுத்தாள். எவர்க்கும் பொருந்தும் சொல்லைக்கொண்டு உடன்பிறந்தவரை எங்ஙனம் தேடுவது? நனைந்து, பசித்து, பெயரும் சொல்லத் தெரியாமல் எங்கே நிற்கிறாரோ! தாளை எடுத்தாள், ‘பொலிவுமிகு’ என்று தன்போக்கில் ஓடிய கையை நிறுத்தினாள், கண்ணை மூடி, அண்ணனை அவர் உள்ளபடியே பார்த்தாள். பிறகு எழுதினாள்: ‘குள்ளமானவர். பச்சைக் கட்டம்போட்ட சட்டை. ஊசி குத்திக் குத்தி இடக்கைச் சுட்டுவிரல் தடித்திருக்கும். பெயர் கேட்டால் சிரிப்பார். உங்கள் முகத்தைப் பார்க்கமாட்டார். உடையின் தையலைத்தான் பார்ப்பார்.’

அச்சகத்துத் தொலைபேசி எண்ணோடு அது சுவர்களில் ஏறியது. உச்சிப்பொழுதுக்குள் அந்தத் தொலைபேசி ஒலித்தது. பேசியவள் பேருந்து நிலையத்தில் பழம் விற்பவள்.

“அக்கா, இங்க ஒருத்தரு என் தோளையே உத்து உத்துப் பாத்துட்டு நின்னாரு. நாலு குடுக்கலாம்னு கை ஓங்கிட்டேன். ‘தையல் பிரியுதும்மா, கொண்டா, போட்டுத் தரேன்’ங்கறாரு. அப்பத்தான் நீங்க ஒட்டினதப் படிச்சேன். பழம் குடுத்து உக்கார வச்சிருக்கேன், வாங்க.”

விழுந்தடித்து ஓடினாள். கூடைகளின் நடுவே கால் மடக்கி அமர்ந்திருந்தார் அண்ணன். தங்கையை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. அவள் மேலாடையின் கைவிளிம்பைத் திருப்பிப் பார்த்தபோதுதான் முகம் மலர்ந்தது.

“இது என் தங்கச்சிக்கு நான் தெச்சதாச்சே! அவ வந்திருக்காளா?”

“வந்துட்டேண்ணே,” என்றாள் அவள்.

இருவரும் கைகோத்து, வெயிலேறிய தெருவில் வீடு நோக்கி நடந்தனர். உற்றுப் பார்த்து எழுதிய சொல்லுக்கே, படிப்பவரே, ஒருவரைக் கண்டெடுக்கும் ஆற்றல் உண்டு. இனி அவர் நாளும் அவளைக் கொஞ்சம் கொஞ்சமாய் மறப்பார். அவளோ நாளும் அவரைக் கொஞ்சம் கூடுதலாய்ப் பார்ப்பாள்.