பெரிய பானையின் கழுத்து

மண்பாண்டக் கிடங்கில் முப்பத்தொரு வருஷம் ஓடு ஒட்டினேன். அகழாய்வில் தோண்டி எடுத்து வரும் பழைய பானைச் சில்லுகளைத் தண்ணீரில் ஊறப்போட்டு, தண்ணீரை மாற்றி மாற்றி உப்பை இறக்கி, காயவைத்து, ஒன்றோடொன்று பொருத்திப் பசை போடுவது என் வேலை. அப்படியும் உப்பு முழுசாகப் போகவில்லை. பானைகள் ஒவ்வொன்றாகப் பொரிந்து உதிர ஆரம்பித்தன. இனி காப்பாற்ற வழியில்லை, இருக்கிறபோதே படமெடுத்துக் கம்ப்யூட்டரில் ஏற்றிவிடலாம் என்று அதிகாரி முடிவு செய்தார்.

படமெடுக்க வந்தவன் என் சகலை.

என் மனைவியின் தங்கையைக் கட்டியவன். ஆயுசு முழுக்கக் கல்யாண வீட்டில் போட்டோ பிடித்தவனுக்குப் பானையைப் பற்றி என்ன தெரியும்? வந்த மூன்றாம் நாளே அதிகாரி அவனுக்கு நாற்காலி போடச் சொன்னார். எனக்கு இத்தனை வருஷமும் முக்காலிதான். வீட்டிலும் அதே கதை. தங்கச்சி வீட்டுக்காரர் சட்டை கசங்காமல் வேலை செய்கிறாராம், நான்தான் நகக்கண்ணில் பசையோடு சாப்பிட உட்காருகிறேனாம். எனக்கு வயிறு எரிந்தது. அதை மறைக்க என்ன இருக்கிறது?

பெரிய பானை என் பானை. இருநூற்றுச் சொச்சம் சில்லு, இரண்டு வருஷ வேலை. கழுத்தில் ஒரே ஓர் இடத்தில் கறுப்பாக ஒரு மான், அதைப் பார்த்தபடி ஒரு பறவை. அந்தச் சித்திரத்துக்காகத்தான் பானைக்கே மரியாதை. அதன் முறை வந்த காலையில், வேலை தொடங்கும் முன் சகலை என்னைப் பானையோடு நிறுத்தி ஒரு படம் எடுத்தான். கல்யாண வீட்டுப் பழக்கம். மாப்பிள்ளைக் களை வந்துவிட்டது என்று கிண்டல் வேறு.

"அண்ணே, கொஞ்சம் தள்ளி நில்லுங்க. தோளு மறைக்குது."

"என் பானை. நான் இங்கதான் நிப்பேன்."

பிறகு பானையைச் சுழல் பலகையில் ஏற்றினோம். நாலு பக்கமும் விளக்கு. கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி நூற்றுக்கணக்கில் படம் எடுக்க வேண்டும். திருப்புவது என் பொறுப்பு. எது பளபளத்தாலும் கம்ப்யூட்டருக்கு அந்த இடம் தெரியாது, ஓட்டையாக விட்டுவிடும் என்று, படங்களைச் சேர்த்துத் திரையில் பானையாக்க வந்திருந்த கம்ப்யூட்டர் பெண் அவனிடம் சொன்னது என் காதிலும் விழுந்தது.

தூசி துடைப்பதுபோல ஈரத்துணியால் கழுத்தைத் துடைத்தேன். ஒவ்வொரு திருப்புக்கும் ஒரு துடைப்பு. சகலை கண்ணாடியைக் கழற்றிவைத்துக் கேமராவுக்குள் தலையை விட்டிருந்தான். கிடங்குக் கதவில் 'ஈரக்கையால் தொடாதே' என்று கோணல் எழுத்தில் எழுதி ஒட்டியவனே நான்தான். ஈரம் பட்டுக் காய்ந்தால் உள்ளே இருக்கும் உப்பு மேலே வந்து தோலை உரிக்கும். எனக்குத் தெரியாததா? ஒரு நாள் துடைத்தால் என்ன ஆகிவிடும் என்று நினைத்தேன்.

கம்ப்யூட்டரில் பானை அப்படியே வந்தது. கழுத்து மட்டும் கரையான் அரித்ததுபோல ஓட்டை ஓட்டையாக நின்றது. அதிகாரி எல்லார் முன்னாலும் சகலையைப் பிடித்துக்கொண்டார்.

"இது கல்யாண ஆல்பம் இல்லைங்க."

சகலை தலை குனிந்தான். அன்றைக்கு வீட்டில் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

மறுபடி எடுக்க அடுத்த வாரம் நாள் குறித்தார்கள். பானைமேல் மூடியிருந்த போர்வையை நான்தான் எடுத்தேன். கழுத்தைச் சுற்றி வெள்ளையாக உப்பு பூத்திருந்தது. மானும் பறவையும் கறுப்புச் செதிலாகப் பலகையில் கிடந்தன. விரல் வைத்தேன், பொடியானது.

யாரும் என்னைச் சந்தேகப்படவில்லை. கிடங்கே உதிர்கிறது, இதுவும் உதிர்ந்தது என்றார்கள். முதலில் எடுத்த படங்களிலெல்லாம் கழுத்து வெறும் பளபளப்பாகத்தான் இருந்தது. சகலைதான் யோசித்து, அன்று காலை என்னை நிறுத்தி எடுத்த அந்த மாப்பிள்ளைப் படத்தைத் தேடி எடுத்தான். மான் தெளிவாக இருந்தது. அதை எடுத்துக் கம்ப்யூட்டர் பெண் திரையில் இருந்த பானையின் கழுத்தில் பதித்தாள். பறவை இருக்க வேண்டிய இடத்தில் என் தோள்.

பறவை எப்படி இருந்தது என்று நான் சொன்னேன். அலகு, வளைந்த கழுத்து, மடக்கிய ஒற்றைக்கால், எல்லாம். வாய் வார்த்தையை வைத்து எதையும் சேர்க்கக்கூடாதாம். அந்த இடத்தைத் தோள் வடிவத்திலேயே சாம்பல் நிறத்தில் விட்டுவிட்டாள்.

இப்போது யார் வந்தாலும் திரையில் அந்தப் பானையைச் சுழற்றிக் காட்டுகிறார்கள். மானுக்கு எதிரே இதென்ன சாம்பல் மேடு என்று நேற்று ஒருவர் கேட்டார். சகலை என்னைக் கையால் காட்டினான்.

"அது எங்க அண்ணன் தோளு. அன்னைக்கு அவரு இல்லேன்னா, படமே எடுத்திருக்க மாட்டேன்."

மனசாரத்தான் சொன்னான். அப்போதும் எனக்கு அவன்மேல்தான் ஆத்திரம் வந்தது.