பூநாரைக்கு மச்சினன்

1

இந்தக் கதை எனக்கு முடிவெட்டும் கடையில் கிடைத்தது. சுசீந்திரத்துக்குத் தெற்கே, பெயர்ப்பலகை விழுந்துபோன கடை. என் தாடையில் நுரை இருந்த நேரத்தில் ஒருவர் எட்டிப் பார்த்து, "பாதி மீசை எடுக்க என்ன வாங்குவீரு?" என்று கேட்டார்.

"பாதியா?" என்றார் கடைக்காரர்.

"எனக்கில்ல ஓய். எங்க அத்தானுக்கு."

அவர் பெயர் சுனில். குளத்தில் இறங்கித் தாமரை பறிக்கிறவர். பந்தயம் வரைக்கும் அவர் வாயால் கேட்டது. அதற்குப் பிறகு வருவதெல்லாம் என் கைச்சரக்கு.

2

முதல் தொடக்கம்: "விடியலில் தாமரைகள் மலர்ந்து சிரித்தன, அப்போது—"

அடித்துவிட்டேன். கழுத்தளவு தண்ணீரில் நின்று பறித்தவனிடம் கேளுங்கள். தாமரை சிரிக்காது, தண்டு முள் தொடையைக் கீறும்.

இரண்டாம் தொடக்கம்: "பறவைகளின் பரிணாம உறவை மரபணு கொண்டு ஆராய்வதென்பது—"

எழுதும்போதே கொட்டாவி வந்தது. சண்டையிலிருந்து தொடங்குகிறேன்.

3

சுனிலின் அக்காள் புருஷன் கணபதியப்பனுக்கு மணக்குடி உப்பளத்தில் வேலை. அங்கே வந்திறங்கும் ரோஜா நிறப் பூநாரைகளைத் தன் வீட்டு விருந்தாளிகள்போலப் பேசுவார். கார் பிடித்து வந்து படம் எடுக்கிறார்களாம். சுனிலின் குளத்தில் இருப்பது முக்குளிப்பான். கைக்குள் அடங்கும் தவிட்டு நிறப் பறவை. ஆள் பார்த்தால் முங்கிவிடும்.

மார்த்தாண்டத்திலிருந்து ஆராய்ச்சிக்கு வந்த ஜெப்சி, டீக்கடையில் வைத்துச் சொன்னாள்: "பூநாரைக்குக் கிட்டத்துச் சொந்தம் கொக்குமில்ல, நாரையுமில்ல. இந்த முக்குளிப்பானாக்கும். ஆளைப் பார்த்தாத் தெரியாது அண்ணே. ரெண்டோட மரபணுவையும் எழுத்து எழுத்தா ஒத்துப் பார்க்கணும். வெளிநாட்டுல எப்பமோ பார்த்தாச்சு. நான் நம்ம ஊர்ப் பறவையில பார்க்கேன்."

கணபதியப்பன் சிரித்த சிரிப்பில் டீ வேட்டியில் சிந்தியது. "ஏலே மக்கா, அது காலைப் பாரு, கழுத்தைப் பாரு. மகாராணியில்லா! இது உன்னைய மாதிரி, நாள் முழுக்கத் தண்ணிக்குள்ள கிடக்க பய."

"பந்தயம் வச்சுக்கிடுவோமா அத்தான்? இந்தப் பிள்ளை பார்த்துச் சொல்லட்டு. சொல்ல முடியலைன்னா நான்தான் தோத்தேன். தோத்தவனுக்குப் பாதி மீசை."

(மீசை மட்டுமல்ல காரியம். கணபதியப்பன் புதுவீடு புகுந்த பால்காய்ப்பில் மச்சினனைப் பந்தி விசாரிக்கச் சொல்லவில்லை. கொல்லையில் விறகு பிளக்கச் சொன்னார். முதல் பிரதியில் இந்த வரியை ஒளித்து வைத்திருந்தேன். ஒளிப்பானேன்?)

4

ஜெப்சிமேல் எனக்குச் சந்தேகம். அளவுக்கு மீறி நல்லவளாக இருக்கிறாள். அவளுக்குக் கொஞ்சம் கோபம் தருகிறேன்.

அவளுக்கு முக்குளிப்பான் குஞ்சுகள் இறங்கிப்போன மிதக்கும் கூடுகளிலிருந்து உதிர்ந்த இறகு வேண்டும். (வனத்துறை அனுமதி இருக்கிறது, கேட்காதீர்கள்.) இனிக் கூடு அடுத்த பருவத்தில்தான். அதற்குள் அவள் படிப்பே முடிந்துவிடும். சுனில் கொண்டுவந்ததைப் பார்த்துத் தலையில் கைவைத்தாள். இறகுகளின் அடியை நறுக்கி, ஒரே நீளமாக்கி, சந்தைக்குத் தாமரை கட்டுகிற அதே கட்டாய், வாழைநார் போட்டு, சோப்புப்பொடி மணக்க நீட்டினார்.

"என்ன அண்ணே செய்து வச்சிருக்கீங்க!"

"அடியெல்லாம் ஒரே அழுக்கு பிள்ளே. நறுக்கிட்டுக் கழுவினேன். அழுக்குத் தண்டோட தோவாளைப் பூச்சந்தைக்குப் போனா எவன் வாங்குவான்?"

"அந்த அழுக்குலயாக்கும் எல்லாம் இருக்கு! தோலுக்குள்ள இருந்த அடிநுனியில ஒட்டியிருக்க துணுக்குலதான் மரபணு எடுக்கணும். உங்க அத்தான் பூநாரை இறகைச் சேறோட சாக்குல அள்ளிப் போட்டுத் தந்தாரே, அது சாம்பிள்!"

மெனக்கெட்டவன் தோற்பதும் சோம்பேறி ஜெயிப்பதும் நான் வேலைத்தலங்களில் கண்டதுதான். ஆனாலும் என் கதையிலுமா?

5

நறுக்கிய நுனிகள் எங்கே? சுனிலின் மனைவி ரேஷ்மி, அவர் விரித்து வைத்து நறுக்கிய செய்தித்தாளோடு சுருட்டிக் குப்பைக்குழியில் போட்டிருந்தாள். குழிக்குள் நாலு கோழிகள் கிளறிக்கொண்டிருந்தன.

"கோழி அழுக்குப் பட்டா சோதனையில கோழிதான் தெரியும்" என்று அலறினாள் ஜெப்சி.

"தின்னுட்டா?" என்றார் சுனில்.

எல்லாரும் குனிந்தார்கள். வேடிக்கை பார்க்க வந்த கணபதியப்பனும் வேட்டியை மடித்துக் கட்டினார். "கோழி புண்ணியத்துல நான் ஜெயிச்சேன்னு நாளைக்கு ஊர் முழுக்கச் சொல்லுவான்."

ஒரு முடிவு: நுனி சுனிலுக்குக் கிடைக்கிறது, அத்தானுக்குப் பாதி மீசை. இன்னொன்று: கோழி எல்லாவற்றையும் தின்றுவிடுகிறது, மீசை சுனிலுடையது, அவர் குளத்தில் முங்கி— வேண்டாம்.

கிடைத்தது ஒரே ஒரு நுனி. அதுவும் கணபதியப்பனுக்கு. தாளின் மடிப்புக்குள், கோழி தொடாமல், உமியளவு. தாளோடு உள்ளங்கையில் வைத்துப் பார்க்கிறார். மற்றவர்கள் குனிந்தபடி இருக்கிறார்கள். மச்சினனின் முதுகு மட்டும் தெரிகிறது. விறகு பிளந்த அன்றைக்கும் அப்படித்தான் தெரிந்தது.

ஒரு ஊது ஊதினால் போதும், மீசை பிழைக்கும்.

வாயைத் திறக்கிறார். ஊதவா, கூப்பிடவா என்பதை நான் எழுதப்போவதில்லை. உங்களுக்கும் ஒரு அத்தான் இருப்பாரே, அவர் முகத்தை நினைத்துக்கொண்டு நீங்களே சொல்லுங்கள்.