பாசிக்கு எந்த விளக்கு?

1

இந்தக் கதை எரிச்சலில் பிறந்தது, சோகத்தில் அல்ல. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கணவரை இழந்தவள் எழுதுகிறாள் என்று தெரிந்ததும் கைக்குட்டையைத் தேடுகிறவர்கள் தயவுசெய்து வேறு கதைக்குப் போகலாம். நான் ஒரு பள்ளி நூலகத்தில் புத்தக முதுகுகளில் எண் ஒட்டுகிறவள். இருபத்திரண்டு வருடமாகப் பிறருடைய முதல் பத்திகளைப் படித்துவருகிறேன். அவற்றில் பாதி மழையில் தொடங்குகின்றன. என்னுடையது தொடங்காது.

முதல் முயற்சி: "அவர் போய்ப் பத்து நாள்கூட ஆகவில்லை, மீன்தொட்டியின் கண்ணாடி பச்சையாக —"

வேண்டாம். மீன்தொட்டி என்றதும் நீங்கள் கண்ணாடிக் குடுவைக்குள் ஒரு தங்கமீனை நினைத்துக்கொள்வீர்கள்.

இரண்டாம் முயற்சி: "எங்கள் கூடத்தில் ஒரு கடல் —"

அடச்சீ.

மூன்றாவது, வெறும் தகவல். எங்கள் கூடத்தில் ஆறடி நீளத்தில் ஓர் உப்புநீர்த் தொட்டி இருக்கிறது. அதில் ஒன்பது வயதான ஒரு மஞ்சள் மீன். தொட்டிக்கு அடியில் மர அலமாரி, அதற்குள் சின்னதாக இன்னொரு தொட்டி. மேலே அழுக்காகும் நீர் அங்கே இறங்கி, சுத்தமாகி, மறுபடி மேலே ஏறும். சுத்தம் செய்வது பாசி. பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரைச் சுருட்டிப் போட்டதுபோல் ஒரு பந்து. மீனின் கழிவைத் தின்று வளரும். அதற்கு வேண்டியது ஒரு விளக்கு. விவரமறிந்தவர்கள் இந்தச் சின்னத் தொட்டியை ரெஃப்யூஜியம் என்பார்கள். சொல்லும்போது அவர்களுடைய புருவம் தானாக உயரும்.

2

என் கணவர் லிஃப்ட் மெக்கானிக். (இறந்தது லிஃப்டில் அல்ல. மாரடைப்பில், பல் துலக்கிக்கொண்டிருக்கும்போது. கதைக்கு லிஃப்ட்தான் பொருத்தமாக இருந்திருக்கும். அவர் கதைக்காகச் சாகவில்லை.)

துக்கம் விசாரிக்க வந்தவர்களுக்கு என்னிடம் என்ன பேசுவதென்று தெரியவில்லை. தெரியாதவர்கள் எல்லோரும் தொட்டி முன்னால் போய் நின்றார்கள். சும்மா நிற்கவும் முடியவில்லை. பக்கத்தில் இருந்த டப்பாவைத் திறந்து ஆளுக்கொரு சிட்டிகை தீனி போட்டார்கள். "பாவம், வாயில்லா ஜீவன்." அந்த வாயில்லா ஜீவனுக்கு அன்றைக்கு மட்டும் பதினேழு வேளைச் சாப்பாடு.

பத்து நாளில் கண்ணாடி பச்சை பிடித்தது. பகலில் வந்த என் கொழுந்தன் அலமாரியைத் திறந்தார். உள்ளே இருட்டு. சுவிட்சை அணைத்துப் போட்டுப் பார்த்தார்.

"விளக்கு போயிடுச்சு அண்ணி. அதான் தண்ணி இப்படி ஆயிருக்கு."

"எப்போ போச்சு?"

"அண்ணனோடயே போயிருக்கும்."

இந்த வசனத்தை நான் எழுதவில்லை. அவரே சொன்னார், கண் கலங்க. நானாக எழுதியிருந்தால் அடித்திருப்பேன்.

3

இப்போது பல் டாக்டர் வரவேண்டும். அவருக்கும் வீட்டில் தொட்டி உண்டு. உப்புநீர்த் தொட்டிக்காரர்களின் சங்கத்துக்குத் தலைவர். சனிக்கிழமை மத்தியானம் வந்து, செல்போன் டார்ச்சை அலமாரிக்குள் அடித்து, நோயாளியின் வாயைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"பாசி செத்துக்கிட்டிருக்கு சிஸ்டர். கலர் போயிடுச்சு பாருங்க."

"டார்ச்ல எல்லாமே வெளுத்துத்தானே தெரியும் டாக்டர்?"

"இதெல்லாம் அனுபவத்துல தெரியறது. அடுத்த ஞாயித்துக்கிழமைக்குள்ள சரியான லைட் போட்டாகணும். இல்லேன்னா மீன் தாங்காது. நான் வந்து எடுத்துக்கிட்டுப் போயிடறேன். என் வீட்ல நல்லா இருக்கும்."

அந்த 'நல்லா'வைச் சொல்லும்போது அவர் கண் என்மேல் இல்லை, மீன்மேல் இருந்தது. மூன்று வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார். என் கணவர் ஒரே பதிலைத்தான் சொல்வார்: "என் பல்லு முப்பத்திரண்டையும் வேணா புடுங்கிக்கோ டாக்டர். இதைக் கேக்காதே."

[இந்தப் பாத்திரத்தின் மேல் எனக்கே சந்தேகம். இவ்வளவு வசதியான வில்லன் உண்மையில் கிடைப்பதில்லை. ஆஸ்பத்திரிக்கு முதல் ஆளாக வந்தவர் இவர்தான். படிவங்களையெல்லாம் இவரே நிரப்பினார். அந்த வாக்கியத்தை வைத்தால் என் கோபம் கெட்டுப்போகிறது. இரண்டு தடவை அடித்தேன். வைத்துவிட்டேன், போகட்டும்.]

4

விளக்குக் கடை.

"பாசிக்கு வெள்ளை லைட் ஆகவே ஆகாதுக்கா. ஊதாதான். செவப்பும் நீலமும் கலந்தது. பச்சை வெளிச்சம் அதுக்குத் தேவையே இல்ல, திருப்பி அனுப்பிடும்."

"அப்போ வெயில்ல வளர்ற பாசி என்ன பண்ணுது?"

"அது கடல்க்கா. இது தொட்டி."

"எங்க வீட்டுக்காரர் எது வச்சிருந்தார்?"

"அண்ணன் நம்மகிட்ட லைட் வாங்கினதே இல்ல." செத்தவர் செய்த ஒரே பாவம் அதுதான் என்பதுபோல் சொன்னார்.

எட்டு விளக்குகளை எரியவிட்டுக் காட்டினார். ஒவ்வொன்றின் கீழும் கையை நீட்டிப் பார்த்தேன். எட்டிலும் அது யாரோ ஒருத்தியின் கைபோல இருந்தது. சங்கத்தின் வாட்ஸப் குழுவில் கேட்டதற்கு நாற்பத்தொரு பதில்கள். நிறம்தான் முக்கியம் என்றார் ஒருவர். நிறம் ஒன்றுமில்லை, பலம்தான் என்றார் இன்னொருவர். எவ்வளவு உயரத்தில் தொங்குகிறது என்பதில்தான் எல்லாமே என்றார் மூன்றாமவர். நாலாமவர் கும்பிடும் கைகள் இரண்டை மட்டும் அனுப்பியிருந்தார். அதில்தான் பிழை எதுவும் இல்லை.

ஊதா விளக்கை வாங்கினேன். நம்பி அல்ல. வாங்கினால்தான் கடைக்காரர் பேச்சை நிறுத்துவார் என்று தோன்றியது.

5

வெள்ளிக்கிழமை இரவு எட்டு மணி. மேல்தொட்டி விளக்கு வழக்கம்போலத் தானாக அணைந்தது. திருப்புளியோடு தரையில் உட்கார்ந்து அலமாரியைத் திறந்தேன். பழைய விளக்கைக் கழற்ற இருட்டுக்குள் கையை விட்டேன்.

என் விரலுக்கடியில் அது எரிந்தது.

பெயர்ப்பலகைகளுக்கு மேலே மாட்டுவார்களே, அந்தச் சாதாரண வெள்ளை விளக்கு. பின்னால் ஒரு டைமர். மேல்தொட்டி தூங்கும்போது கீழ்த்தொட்டி வேலை செய்யும்படி நேரத்தை மாற்றி வைத்திருக்கிறார். எட்டுக்கு எரிந்து காலை எட்டுக்கு அணையும். எதுவும் பழுதாகவில்லை. வந்தவர்கள் அத்தனை பேரும் பகலில் திறந்து பார்த்திருக்கிறார்கள். கீழ்விளக்கை இரவில் எரியவிடுவது எப்படி என்று சங்கத்தில் ஒரு மணி நேரம் உரையாற்றிய பல் டாக்டர் உட்பட.

பாசியா? பதினேழு பேருடைய அனுதாபத்தையும் தின்று நாலு மடங்கு பெருத்து மூடியைத் தூக்கிக்கொண்டிருந்தது. அது தின்றும் தீராத தீனிதான் மேலே கண்ணாடியைப் பச்சையாக்கியிருந்தது.

அலமாரிக் கதவைச் சாத்தினேன். ஒரு நூல் வெளிச்சம்கூட வெளியே வரவில்லை. விளிம்பைத் தடவினேன். சுற்றிலும் லிஃப்ட் கதவுக்கு வைக்கும் கறுப்பு ரப்பர் பட்டை, மூலைகளில் சாய்வாக வெட்டி ஒட்டியது.

ஆறு வருடத்துக்கு முன், இந்த விளக்கு வந்த புதிதில், படுக்கையறையிலிருந்து நான் கத்தியது: "மனுஷி தூங்கறதா, இல்ல உங்க புல்லுக்கட்டுக்குக் காவல் இருக்கறதா?"

மறுநாள் முதல் வெளிச்சம் இல்லை. இரவில் அணைத்துவைக்கிறார் என்று நினைத்தேன். என் பேச்சுக்கு இந்த வீட்டில் மதிப்பு இருக்கிறது என்றுகூட நினைத்தேன். ஆறு வருடம், இரவு முழுவதும் எரியும் விளக்குக்குப் பத்தடி தூரத்தில், ஜெயித்தவளாகத் தூங்கியிருக்கிறேன்.

(இந்த இடத்தில் நான் அழவேண்டும் என்று எதிர்பார்க்கிறீர்கள். அன்றிரவு நான் அந்தக் கதவைத் திறந்தே —

இல்லை. அது உங்களுக்கு இல்லை.)

6

முடிவு அ: விளக்கு எரிந்ததோடு கதை முடிகிறது. இருட்டு அலமாரி, தனியானவள், திடீர் வெளிச்சம். இந்த மாதிரி முடியும் புத்தகங்களுக்கு எங்கள் நூலகத்தில் தனி அடுக்கே ஒதுக்கலாம். உண்மையில் நடந்தது அதுதான் என்பது அவமானமாக இருக்கிறது.

முடிவு ஆ: டாக்டர் தலைகுனிந்து மன்னிப்புக் கேட்கிறார். அவரைத் தெரிந்தவர்கள் இந்த வரியில் சிரிப்பார்கள்.

முடிவு இ: மீன் செத்துப்போகிறது. இலக்கியத்தரம் கூடும். மீனிடம் கேட்டேன், அதற்குச் சம்மதமில்லை.

7

இதை எழுதிக்கொண்டிருப்பது ஞாயிறு காலை பதினொரு மணிக்கு, தொட்டி முன்னால் மேசை போட்டு. அழைப்புமணி அடித்துவிட்டது. ஜன்னல் வழியே பார்த்தேன். மூடி போட்ட இரண்டு பக்கெட்டோடு டாக்டர், தூக்க உதவிக்கு என் கொழுந்தன்.

அலமாரி இருட்டாக இருக்கிறது. எட்டு மணி வரை அப்படித்தான் இருக்கவேண்டும். டைமரை ஒரு விரலால் திருப்பி இப்போதே எரியவைத்துக் காட்டலாம். "அதைத்தானே நானும் சொன்னேன் சிஸ்டர்" என்பார். ஆனால் ஆறு வருடத்தில் ஒரு நாள்கூடப் பகலில் எரியாத விளக்கு. அவருக்காக எரியவேண்டுமா?

இரண்டாவது மணி. நான் எழுந்திருக்கப்போவதில்லை. நீங்கள் போய்த் திறங்கள். ஏன் இருட்டு என்பது என்னைத் தவிர உங்களுக்குத்தான் தெரியும். உட்காரச் சொல்லுங்கள். பக்கெட்டைக் கீழே வைக்கச் சொல்லுங்கள். ஊதா விளக்கு பெட்டியோடு மேசைமேல் இருக்கிறது, வேண்டுமானால் அதை எடுத்துக்கொண்டு போகட்டும். தீனி டப்பாவை ஒளித்துவிட்டேன். எட்டு மணி வரை இருப்பாரா, அதற்குமுன் கையைத் தண்ணீருக்குள் விடுவாரா, விட்டால் நீங்கள் என்ன செய்வீர்கள் என்பதெல்லாம் எனக்குத் தெரியாது.

ஒன்று மட்டும். நீங்கள் திறக்கவேண்டியது வாசற்கதவை. மற்றதை அல்ல.