கேஸ் ஷீட்டில் என் கையெழுத்து

என் பெயர் ரகுராம். வயது இருபத்தொன்பது. பெங்களூர் பொம்மனஹள்ளியில் மூன்றாவது மாடி அறையில் இருக்கிறேன். ரமா அக்கா, டைப் செய்ய உட்கார்ந்தால் பாதியில் அழித்துவிடுகிறேன். அதனால் போனில் பேசியே எழுதுகிறேன். அப்பாவுக்கும் மாமாவுக்கும் படித்துக் காட்டு.

ஆஸ்பத்திரியில் வேலை இன்னும் போகவில்லை.

அனந்தலக்ஷ்மி என்று ஒரு அம்மா, ஜோகுபாளையத்துக்காரர். பித்தப்பை ஆபரேஷன் முடிந்த மறுநாள் மத்தியானம் அவருக்கு நாடி வேகமாக ஓடியது, பிரஷர் இறங்கியது. ஆபரேஷன் செய்த பெரிய டாக்டர் ஸ்ரீகண்டன் வெளியே இருந்தார். போன் போட்டேன். நுரையீரலில் ரத்தக்கட்டியாக இருக்கும், ரத்தம் உறையாமலிருக்க ஊசி போடு, வந்து பார்க்கிறேன் என்றார். அப்போது அந்த அம்மா என் கோட்டைப் பிடித்து இழுத்தார்.

"வயித்த இழுத்துக் கட்டினாப்ல இருக்கு, தம்பி."

நான் போனைக் காதில் வைத்துக்கொண்டே, சும்மா இருங்கள் என்று கையைக் காட்டினேன்.

ஊசி போட்டோம். உண்மையில் வயிற்றுக்குள் ரத்தம் கசிந்துகொண்டிருந்தது; அந்த ஊசி அதை அதிகமாக்கிவிட்டது. சாயங்காலம் இறந்துவிட்டார்.

எங்கள் வார்டில் ஒரு வழக்கம். பெரியவர்கள் போனில் சொன்னதை, போனில் சொன்னார் என்று கேஸ் ஷீட்டில் எழுதக்கூடாது. ஜூனியர் தன் முடிவு போல எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். மூன்று வருஷமாக அப்படித்தான் போட்டேன். அன்றும் போட்டேன்.

திங்கட்கிழமை பன்னிரண்டு மணிக்கு வாட்ஸப் வந்தது, மூன்று மணிக்கு விசாரணைக் குழு என்று. உள்ளே நான்கு டாக்டர்கள். அதில் ஒருவர் ஸ்ரீகண்டன். அவர் சொல்லித்தான் ஊசி போட்டேன் என்றேன். அவர் கேஸ் ஷீட்டை என் பக்கம் திருப்பினார்.

"இதுல என் பேரு எங்கப்பா இருக்கு? காட்டு, ஒத்துக்கறேன்."

மற்ற மூவரும் தாளைப் பார்த்தார்கள். என்னைப் பார்க்கவில்லை.

வெளியே வந்ததும் அலுவலகத்து ஷோபா மேடம் ஒரு கடிதம் நீட்டினார். என் ராஜினாமா, அவர்களே டைப் செய்தது. கையெழுத்துப் போட்டால் விஷயம் மெடிக்கல் கவுன்சிலுக்குப் போகாதாம். வியாழக்கிழமை பதினொரு மணிவரை டைம். "ஸ்வல்ப யோசனை பண்ணுங்க டாக்டர், வயசிருக்கு" என்றார்.

ஊசி போட்ட அன்று பக்கத்தில் நின்ற நர்ஸ் பியாட்ரிஸ் போனில் அவர் சொன்னதைக் கேட்டிருக்கிறார். "நீங்க எங்க டாக்டரா இருந்தீங்க? அவரோட பேனாவா இருந்தீங்க" என்று திட்டினார். ஆனால் குழு கூப்பிட்டால் வந்து சொல்வாராம்.

கோட்டைக் கழற்றிய பிறகும் அந்த இடத்தில் இழுப்பு இருக்கிறது, அக்கா. போன் அடித்தால் வலது கை தானாக எழுகிறது. நேற்று பஸ்ஸில் நீ கூப்பிட்டபோது, எதிரே பேசிக்கொண்டிருந்த ஒரு பெண்மணி என் கையைப் பார்த்துப் பேச்சை நிறுத்திவிட்டார். உன் போனை எடுக்காமல் இறங்கிவிட்டேன்.

ரிச்சர்ட்ஸ் டவுனில் ரெமிஜியஸ் என்று ஒரு வக்கீலைப் பார்த்தேன். குற்றச்சாட்டை எழுத்தில் கேட்க வேண்டும், கேஸ் ஷீட் நகல் கேட்க வேண்டும், பதில் சொல்ல நாள் கேட்க வேண்டும், பியாட்ரிஸைக் கூப்பிடச் சொல்ல வேண்டும், ஸ்ரீகண்டன் குழுவில் உட்காரக்கூடாது என்று எழுத வேண்டும் என்றார்.

"குடுப்பாங்கன்னு சொல்லமாட்டேன். கேட்டது பேப்பர்ல இருந்தாத்தான் நாளைக்குக் கோர்ட்ல வாய் திறக்க முடியும். ராஜினாமா குடுத்துட்டா அதுவும் இல்ல."

அந்த அம்மா சொன்னதையும் நான் கை காட்டியதையும் அவரிடம் சொன்னேன். எழுதிக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டார்.

"அத யாரும் கேக்கல. எழுதாதீங்க."

ஆனால் குழுவுக்கான கடிதத்தில் அதையும் எழுதினேன். வயிற்றைத் தொட்டுப் பார்க்கவில்லை, அவர் சொன்னதை ஸ்ரீகண்டனிடம் சொல்லவும் இல்லை என்று எழுதினேன். அதை விட்டால், நடந்ததை மறைக்கும் இன்னொரு தாளிலும் என் கையெழுத்து இருக்கும். இதனால் என் டாக்டர் பதிவே போகலாம் என்று ரெமிஜியஸ் சொன்னார். ஒருமுறைக்கு இருமுறை கேட்டுவிட்டு, கடிதத்தைக் குழுவுக்கு அனுப்பிவைத்தார்.

அப்பா தினமும் சொல்கிறார், கையெழுத்துப் போட்டுவிட்டு ஆரணிக்கே வா என்று. நான் பயந்தவன், இன்னொரு தரம் கேட்டால் போட்டுவிடுவேன். வீட்டில் இதை யார் படித்தாலும் ஒன்று செய்யுங்கள்: வியாழக்கிழமை பதினொரு மணிவரை யாரும் எனக்குப் போன் செய்யாதீர்கள்.